செல்வி சிரித்த இடம்

என் நாத்தனார் செல்விக்குக் கீமோ முடிந்து முதன்முதலாக அவளை ஜங்ஷன் பக்கம் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். படத்தில் ஒருவனுக்குப் புற்றுநோய் என்றதும் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். “இனி சீப்பைத் தேட வேண்டாம்” என்று அவன் சிரித்தபடி தன் மொட்டைத் தலையைத் தடவினான். தலையில் துணி கட்டியிருந்த செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த காட்சியில், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நண்பர்கள் அவனைவிட்டு ஓடினார்கள். தியேட்டரே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

“வாட்டி, போயிருவோம்” என்றேன்.

“இருங்க மைனி. முன்ன அவனும் சேந்து சிரிச்சான். இப்ப அவனை விட்டுட்டுல்லா சிரிக்காங்க.”

கடைசிவரை இருந்தோம். நோயை வைத்துச் சிரிக்கவே கூடாது என்று முன்பெல்லாம் சொல்வேன். செல்வியின் சிரிப்பைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. ஓடினவர்களை நினைத்தால் சிரிக்கவும் முடிவதில்லை.