பொத்தெத்ர் என்றால் வருவாரா?

பிரெஞ்சுக் கடிதம் ஒன்றை ஒரு சொல்லை விட்டுப் படித்துச் சொன்னேன். அதை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். சங்கரன்கோவிலில் டைப்பிங், ஜெராக்ஸ், பத்திரிகை டிசைன் எல்லாம் சேர்த்துக் கடை வைத்திருக்கிறேன். கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வருகிறவருக்கு வேண்டியது பதில், நம் கையில் இருப்பது காகிதம்.

முதல் கடிதம்

புளியங்குடி ஜைனம்பு செல்போனை நீட்டினாள். புருஷன் பிரெஞ்சு பேசும் ஒரு தீவில் ஓட்டல் சமையல்காரர். அவருக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. மகள் ஷமீமாவின் நிக்காஹுக்கு லீவு கேட்டதற்கு முதலாளி கொடுத்த பதிலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

மொபைலில் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்தேன். மே மாதம் லீவு, பொத்தெத்ர். 'ஒருவேளை' என்று அர்த்தம். சொன்னேன். "வருவாகளா, மாட்டாகளா?" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டாள். ஜெராக்ஸுக்கு நாலு பேர் நின்றார்கள். "வருவாரும்மா, போ" என்றேன்.

"இதை மொதல்லயே சொல்லுததுக்கு என்ன அண்ணாச்சி?"

இரண்டாவது கடிதம்

மே பத்து என்று மண்டபம் பேசிவிட்டுப் பத்திரிகை அடிக்க வந்தாள். கூடவே புதுக் கடிதம். மே இல்லையாம், ஜூன். அதிலும் பொத்தெத்ர். போன தடவை அந்தச் சொல்லை விட்டுச் சொன்னதை ஒப்புக்கொண்டேன். ஜைனம்பு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வாப்பா இல்லாமல் நிக்காஹ் வேண்டாம் என்று மகள் பிடிவாதம்.

பிரெஞ்சு தெரிந்த வாத்தியார் ஒருவருக்குப் போன் போட்டேன். பொத்தெத்ர் வாக்கியத்தின் தலையிலும் வரும், வினைச்சொல்லுக்குப் பின்னாலும் வரும் என்று பாடம் நடத்தினார். "ஆள் வருவாரா வே?" என்றேன்.

"அது எங்க நின்னாலும் உறுதின்னு கையெழுத்துப் போடாது அண்ணாச்சி."

பத்திரிகை

மறுநாள் ஷமீமாவே வந்தாள். மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நிக்காஹ் பள்ளிவாசலில்தானாம், அங்கே மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். மாப்பிள்ளை வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பத்திரிகையில என்ன தேதிம்மா போடுறது?" என்றேன்.

"அந்த எடத்தைக் காலியா விட்டு அடிங்க மாமா. வாப்பா பிளேன் ஏறுன பொறவு பேனாவால எழுதிக்கிடுதோம்."

ஜூன் போய் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அவர் வந்து இறங்கினார், ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பொத்தெத்ருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று போனுக்கும் தெரியவில்லை, வாத்தியாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, தெரிந்தது ஷமீமாவுக்கு.