கயிற்றில் காய்ந்த சட்டைகள்

என் அண்ணன் மகள் இருபதடிச் சுவரை ஒற்றைத் தோளால் தாங்கிப் பதினோரு பேரைக் காப்பாற்றியவள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோள் விஷயம் என் சொந்தச் சரக்கு. சுவரும் பத்தடிதான். மற்றதைக் கேளுங்கள்.

கட்டட வேலையிடத்தில் அவள் பாதுகாப்பு அதிகாரி. பெயர்தான் அதிகாரி; அதிகாரமெல்லாம் கையிலிருக்கும் சிவப்புக் கயிற்றின் நீளம் மட்டும். ஒரு கிடங்குக்கு ஹாலோ பிளாக் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. புதுச் சுவருக்குக் காற்றென்றால் ஆகாது. கலவை இறுகி, மேலே கூரை வந்து பிடித்துக்கொள்ளும்வரை அது நிற்கிற மாதிரி நடிக்கிறது, அவ்வளவுதான். அதனால் எட்டடியைத் தாண்டினால் சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும். சாரம் இல்லாத பக்கத்தில், சுவரின் உயரத்தோடு நாலடி கூட்டிக் கயிறு கட்டி, உள்ளே ஒருவரையும் விடக் கூடாது. பத்தும் நாலும் பதினாலு. டேப் பிடித்து அளந்து கட்டினாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் கயிறு கண்ணில் படவில்லை. அதன்மேல் ஏழு சட்டை, இரண்டு துண்டு.

"மேஸ்திரி, இது என்ன துணிக்கொடியா?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க நல்லா இழுத்துக் கட்டியிருக்கீங்க. நாங்க கட்டினா தொய்யுது."

துணிகளை எடுக்க வைத்தாள். மத்தியானம் பார்த்தால், கயிற்றுக்குள்ளே சுவர் நிழலில் பதினோரு பேரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வெட்டவெளியில் நிழல் அது ஒன்றுதான். குடிதண்ணீர் டிரம்மும் அங்கேயே.

"அக்கா, எந்திரிங்க. சுவருக்கு முட்டே இல்ல" என்றாள் சித்தாள்களில் மூத்தவளிடம்.

"நாங்க கட்டின சுவரு கண்ணு. எங்க மேலயா விழும்?"

"அதுக்கு உங்கள அடையாளம் தெரியாதுக்கா."

மேஸ்திரி சிரித்தார். "சும்மா கயிறு திரிக்காதீங்க மேடம். முப்பது வருஷமா கட்டுறேன்."

முட்டு கேட்டால், எல்லாம் அந்தப் பக்கத்துத் தளத்துக்கு அடியில் மாட்டியிருக்கிறதாம். அந்தக் கான்கிரீட் இறுகாமல் எடுக்க முடியாதாம். அது நியாயம்தான். வேறே வரவழையுங்கள் என்றால் மேஸ்திரி இன்ஜினியரைக் காட்டினார், இன்ஜினியர் மேஸ்திரியைக் காட்டினார். மூன்று நாள் இதே பாட்டு. ராத்திரி வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றின வேகத்தில் ஒன்று கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. ஜன்னல் கதவு காற்றில் ஆடினால் போதும், சாப்பிடுகிற கை நின்றுவிடும்.

நாலாம் நாள் அவள் வாதாடுவதை விட்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் சிமென்ட் கொட்டகைப் பக்கம் நிறுத்தினாள். அங்கே இரண்டு கம்பு நட்டு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். தாகமெடுத்தவர்கள் ஒவ்வொருவராய் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பதினோரு பேரும் பாத்திரத்தோடு இந்தப் பக்கம். விதி நகர்த்தாத ஆட்களை ஒரு டம்ளர் தண்ணீர் நகர்த்திவிட்டது.

அப்போது அடித்தது பாருங்கள் காற்று! சுவர் ஒரு பெருமூச்சு விட்டு மல்லாந்து விழுந்தது. புழுதி அடங்கியபோது மேஸ்திரி அவள் காலில்...

இதுவரை எழுதினதை நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அத்தை, நிறுத்துங்க. சுவரு விழல."

"காத்து அடிச்சுதே?"

"அடிச்சுது. சுவரு நின்னுச்சு. மறுநாள் முட்டு வந்துச்சு, குடுத்தோம். கட்டுறது நானு, திரிக்கிறது நீங்க."

"அப்புறம் எதுக்குடி இந்த மூஞ்சி?"

"விழுந்திருந்தா நான் சொல்றதுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். விழலையே. இன்னிக்கு அடுத்த சுவருக்குக் கயிறு கட்டினேன். சாயங்காலம் பார்த்தா ஒன்பது சட்டை." ஒரு பட்டாணியைக் கோபமாய்க் கிண்ணத்தில் எறிந்தாள். "அதுல ஒண்ணு மேஸ்திரியோடது. அதையும் எழுதிக்கோங்க."