ஒரே ஊசி டாக்டர்

ஊர் அவருக்கு வைத்த பெயர் ஒரே ஊசி டாக்டர். அதைக் கேட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. கீழ்த்தாடையில் ஈறைக் கீறிச் சுத்தம் செய்ய வேண்டுமா, தாடையின் கோடியில் ஒரே ஒரு ஊசி போடுவார். "உதடு மரத்துப்போச்சா?" என்பார். ஆள் தலையாட்டியதும் கத்தியை எடுத்துவிடுவார். மற்ற பல் டாக்டர்கள் எல்லாம் கை பழகாதவர்கள், அதனால்தான் குத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர் ஓயாமல் பாடும் பாட்டு.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் அவர் மனைவி. நாக்குப் பக்கத்து ஈறைக் கீறும்போது ஆள் சிலை மாதிரி கிடப்பார். கத்தி கன்னத்துப் பக்கத்து ஈறுக்கு வந்ததும் துள்ளுவார். "வலியெல்லாம் இல்ல, வெறும் பயம். நீ தோளைப் பிடி" என்பார் டாக்டர். அவளும் பிடிப்பாள். படித்த மனுஷன் சொல்கிறார், தப்பாகவா இருக்கும் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

ஒருநாள் அவளுடைய தங்கையே அந்த நாற்காலியில் துள்ளினாள். "அக்கா, நிறுத்தச் சொல்லுக்கா!" என்று குழறிக் கத்தினாள்.

"உன் தங்கச்சி நல்லா நடிக்கிறா" என்று சிரித்தார் டாக்டர்.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி, சின்னக் குழந்தையா நீ?" என்று அக்கா தோளை இன்னும் அழுத்தினாள். அன்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு போன தங்கை அதன்பின் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனும் எடுப்பதில்லை. அது அக்காவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் தங்கைக்குத்தான் வீம்பு என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

ஊரார் வாயையெல்லாம் பார்த்தவர் தன் வாயைக் கவனிக்கவில்லை. கீழ்க் கடைவாயில் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. தன் கையால் தனக்கே வெட்டிக்கொள்ள முடியுமா? இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி ஏசிய அடுத்த தெரு டாக்டரம்மாவிடமே போனார். மனைவியும் துணைக்குப் போய் அறையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அங்கே பார்க்க வேண்டும் நம் வீரரை! நெற்றியெல்லாம் வியர்வை. நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. டாக்டரம்மா ஊசி போட்டு, நிதானமாகக் காத்திருந்து, "உதடு மரத்துப்போச்சா சார்?" என்றார்.

"மரத்துப்போச்சு மேடம். ஆனா அது மட்டும் போதாது. கன்னத்துப் பக்க ஈறுக்கு நரம்பு வேற. அங்க தனியா ஒரு ஊசி போட்டுடுங்க. இல்லன்னா உயிர் போயிடும்."

"அதைப் போடாம யாராவது கத்தி வைப்பாங்களா சார்?" என்று சிரித்தார் டாக்டரம்மா.

மனைவிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துத் தொலைக்கலாம். தெரிந்தே செய்திருக்கிறார்! ஒரு பட்டப்பெயருக்காக இத்தனை பேரைத் துள்ளவிட்டிருக்கிறார். இந்த மனுஷன் பேச்சைக் கேட்டா தங்கையை அமுக்கிப் பிடித்தோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் முடிந்து, கோணிய வாயில் எச்சில் ஒழுக வெளியே வந்து உட்கார்ந்தவர், துடைத்துவிடு என்று சைகை காட்டினார். கைக்குட்டையை அவர் மடியில் போட்டுவிட்டு அவள் நேராகத் தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உனக்கு நெஜமாவே வலிச்சிருக்குடி" என்றாள் அக்கா.

"அதைத்தானேக்கா அன்னிக்குக் கத்துனேன்" என்றாள் தங்கை.