சிவப்பு வெள்ளை நாடா

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நோர்பரியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மலைக்காடு அது. எந்த மாதத்திலும் அங்கே ஆட்கள் இருப்பார்கள். கோடையில் சைக்கிள்காரர், மழையில் நாய்களோடு நடப்பவர்கள், பனி விழுந்தால் சறுக்குப் பலகையோடு பிள்ளைகள். இப்போது என் மகனை அங்கே கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு முறையும் காரை நிறுத்தியதுமே, கூட்டிவந்தது சரிதானா என்று ஒரு தடவை யோசித்துவிடுவேன்.

எனக்கு எட்டு வயதில், வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டார் எங்களையும் அங்கே அழைத்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பம். அப்பா பெற்றோல் நிலையத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். அம்மா ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து ஒரு பெட்டி நிறைய அடுக்கியிருந்தார்.

காட்டில் அப்பா பாதையின் நடுவை விட்டு விலகவில்லை.

“பிள்ளை, நான் கால் வைக்கிற இடத்திலை வை.”

“எல்லாரும் மரத்துக்குள்ளை போயினம் அப்பா.”

“போகட்டும். நீ என்ரை பின்னாலை வா.”

ஓரிடத்தில் சில மரங்களைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. உள்ளே யாரோ கிளைகளைச் சாய்த்து ஒரு குடில் செய்திருந்தார்கள். தோழி நாடாவுக்குக் கீழே குனிந்து ஓடினாள். நானும் ஓடினேன்.

“அசையாதை! அப்பிடியே நில்!”

அப்பாவிடம் அப்படியொரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“அப்பா வாறன். காலைத் தூக்காதை.”

சருகுக்குள் ஓரடி வைத்தார். குனிந்து பார்த்தார். அடுத்த அடி வைத்தார். பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். எனக்கு அழுகை வருமளவுக்கு நேரம் எடுத்தார். அந்தக் குளிரிலும் அவர் முகம் நனைந்திருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி, அம்மாவிடம் கொடுத்தார்.

பிறகு மறுபடி உள்ளே போனார். தோழியையும் அசையாமல் நிற்கச் சொல்லியிருந்தார். அவள் விளையாட்டு என்று நினைத்து ஒற்றைக் காலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அது மரம் வெட்டுவதற்காகக் கட்டிய நாடா, இன்றைக்கு வேலையும் இல்லை என்று அவளுடைய அப்பா சிரித்தபடி சொன்னார். அப்பா தலையாட்டினார். ஆனாலும் அவளைத் தூக்கி வந்து அவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டார்.

திரும்பும்போது ரோல்ஸ் பெட்டி திறக்கப்படாமல் அம்மாவின் மடியில் இருந்தது.

“எல்லாரும் சிரிச்சவை. நீங்கள் சரியான பயந்தாங்கொள்ளி,” என்றேன்.

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினார். அப்பா வேண்டாமென்று தலையசைத்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார்.

திங்கட்கிழமை தோழி அவரைப் போலவே வகுப்பில் நடந்து காட்டினாள். நானும் சிரித்தேன்.

நான் கர்ப்பமாக இருந்தபோதுதான் அம்மா சொன்னார். அதற்குள் அப்பா இறந்து ஒரு வருடமாகியிருந்தது. இங்கே வருவதற்கு முன், சண்டையில் இடம்பெயர்ந்து மறுபடி ஊருக்குத் திரும்பிய புதிதில், எச்சரிக்கை நாடா அறுந்து கிடந்த ஒரு வளவுக்குள் அப்பாவின் தம்பி விறகு பொறுக்கப் போயிருக்கிறார். மிதிவெடி. அவர் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அப்பா வேலியோரம் நின்றிருக்கிறார். உள்ளே போகவில்லை.

போன ஞாயிறு என் மகன் அதே மாதிரி ஒரு நாடாவுக்குக் கீழே குனிந்தான். நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அன்றைக்கு நான் பத்திரமாக அம்மாவின் கையில் இருந்தேன். பிறகும் அப்பா ஏன் திரும்ப அதற்குள் போனார் என்பது அந்த எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.