நான்காவது பத்தி

கோர்ட்டுக்கு எதிரே இருந்த தட்டச்சுக் கடையில் அவளை எல்லாரும் ‘டைப்பிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக விவாகரத்து மனுக்களைத் தட்டித் தட்டிப் பழகியதில், யார் சேர்ந்தாலும் பிரிந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். வக்கீல்கள் பெயரையும் தேதியையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை விரல்களே பார்த்துக்கொள்ளும். திருதிருவென்று முழிக்கும் பெண்களுக்குத் தைரியமும் சொல்லுவாள்: “கல்யாணச் சான்றிதழ் ஒண்ணு, முகவரிக்கு ஆதாரம் ஒண்ணு, பக்கத்துக்குப் பக்கம் கீழே கையெழுத்து. பயப்படாதீங்க, உள்ள இருக்கிறதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி!”

அப்படிப்பட்டவளுக்கே ஒருநாள் மனு தேவைப்பட்டது. அடிதடி, சண்டை ஒன்றும் கிடையாது. பம்பு மெக்கானிக்கான கணவரும் அவளும் மனமொத்துப் பிரிவதாகப் பேசி, பதின்மூன்று வயது மகளிடமும் சொல்லியாகிவிட்டது. மனுவை அவளே தட்டினாள். மறுநாள் முதல் கோர்ட்டுக்கு நீண்ட விடுமுறை என்பதால், அன்று சாயங்காலத்துக்குள் தாக்கல் செய்தே ஆகவேண்டும் என்று அவர்களுடைய வக்கீலம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் கையெழுத்து எங்கே என்று மட்டும்தான் கேட்பார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டி, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். நான்காவது பத்தியில் விரல் நின்றது.

“நான் தினமும் குடிச்சுட்டு வந்து உன்னை அடிச்சேனா?”

அவளுக்குப் பகீரென்றது. எட்டிப் பார்த்தால், அச்சு அசலாக அப்படியேதான் இருந்தது. பாழாய்ப்போன கைப்பழக்கம்! மூன்றாம் பத்தி முடிந்ததும் விரல்கள் தம் பாட்டுக்கு ஒரு குடிகாரனை இழுத்து வந்திருந்தன. இவரோ டீ குடித்தாலே நெஞ்செரிகிறது என்று அதையும் விட்ட மனிதர்.

“ஒரு கோடு போட்டு அடிச்சிடலாம் சார், மணியாகுது” என்றார் வக்கீலம்மா.

“கோடு போட்டாலும் படிக்க வருமேம்மா. நாளைக்கு எம்பொண்ணு எடுத்துப் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பா? நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். ஐயோ, இப்படி எத்தனை பிள்ளைகளின் அப்பாக்களைக் குடிகாரர்களாகத் தட்டி அனுப்பினோமோ என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதில் நிஜக் குடிகாரர்களும் இருந்தார்கள்தான், ஆனால் ஒருவரைப் பற்றியும் அவள் கேட்டதில்லை.

“உட்காருங்க, திரும்ப அடிக்கிறேன். நாம ஏன் பிரியறோம், நீங்களே சொல்லுங்க.”

“நீதான் சொல்லேன்.”

“நீங்க பேசவே மாட்டீங்க. வந்ததும் ரேடியோ!”

“நீ வந்ததும் தலைவலின்னு படுத்துக்குவே. அதான் சத்தத்தைக் குறைச்சு வச்சுப்பேன்.”

“குறைச்சது எனக்காகவா?”

“பின்னே, ரேடியோவுக்கா தலைவலி?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்துவிடலாம் என்றெல்லாம் தோன்றவில்லை. மனசு மட்டும் லேசாகிவிட்டது. ஒன்றரை மணி நேரம் அவர் சொல்ல, இவள் மறுக்க, அழித்து அழித்து அடித்தாள். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். கடைசியில் அவள் உரக்கப் படித்துக் காட்டினாள்:

“நாங்கள் ஒருவரையொருவர் ஒருபோதும் துன்புறுத்தியதில்லை. ஒருவர் மனதை ஒருவர் கேட்டறியாமலே பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்டோம். மரியாதையுடன் பிரிகிறோம்.”

அவர் முதல் வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கோர்ட் அலுவலகம் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனு உள்ளே போனது.

வாசலில் நின்று கேட்டார், “கல்யாணமானதிலேருந்து நாம இவ்வளவு நேரம் பேசினதே இல்ல, இல்ல?”

“இல்ல” என்றாள்.

இப்போதும் அதே நாற்காலிதான், அதே வேலைதான். ஆனால் நான்காவது பத்திக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, “உங்க வீட்டுல என்ன நடந்தது?” என்று கேட்கிறாள். வேலை இழுக்கிறது என்று வக்கீல்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டுமே! வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைக் கூட்டிப்போக வந்தால், குழாயையும் பார்த்துவிட்டுப் போகிறார்.

போன வாரம் மகள் அலமாரியைக் குடையும்போது அந்த மனுவின் நகல் கையில் சிக்கியது. நின்றபடியே படித்துவிட்டுக் கேட்டாள், “அம்மா, இந்த நாலாவது பத்தி வக்கீல் எழுதினதா?”

“இல்லடி. உங்கப்பாவும் நானும் சேர்ந்து எழுதினது” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.