கத்தரி படாத மாமரம்

எது அரை அங்குலம் கூடுதலாக வளர்ந்தாலும் சலூன்காரருக்குக் கை பரபரக்கும். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் சமையலறையை ஒட்டி ஒரு துண்டு மண். அதில் ரோஜா, செம்பருத்தி, ஒரு ஒட்டு மாமரம். கடைக்கு விடுமுறை என்றால் அத்தனைக்கும் கிராப்புதான். மாமரத்துக்கு மட்டும் தனி கவனிப்பு. ஏணியில் ஏறிச் சுற்றிலும் நுனி வெட்டுவார், இறங்கித் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி ஏறுவார். மரத்துக்குப் பின்பக்கம் கண்ணாடி காட்டாததுதான் பாக்கி.

மரமும் புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று நின்றது. காய்தான் வைக்கவில்லை. எரு மாற்றினார், தண்ணீரைக் கூட்டிக் குறைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சமையலறை ஜன்னலை மறைத்ததும் அதே மரம்தான். ஒரு பனிக்காலத்தில் மனைவி கெடு வைத்துவிட்டார். "காய்க்காத மரத்துக்காக நான் இருட்டுல வெங்காயம் நறுக்கணுமா? அடுத்த பனி முடியறதுக்குள்ள பிஞ்சு வரல, ஆள் விட்டு வெட்டிடுவேன்."

நாளெல்லாம் அடுத்தவர் தலையைக் குனிந்து பார்ப்பவர் சலூன்காரர். நிமிர்ந்து பார்க்க இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

சொன்ன கையோடு மனைவி, அவர் வெட்டிப்போட்ட நுனிகளைப் பெருக்க ஆரம்பித்தார். சட்டென்று நின்று ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே கடுகு கடுகாய்ப் பச்சை மணிகள்.

"அட கடவுளே, மொட்டுங்க! பூக்க வர்ற நுனியைச் சிரைச்சுத் தள்ளிட்டு மரத்து மேல பழி போடுறீங்களே!"

சலூன்காரர் பேந்தப் பேந்த விழித்தார். தோட்டக் கத்தரியை மனைவி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ஆனா கெடு கெடுதான்" என்றார்.

அந்த வருஷம் அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. கோடையில் மரம் கன்னாபின்னாவென்று கிளை விட்டது. மழையில் புழுக்கள் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டின, கையாலேயே பொறுக்கினார். முடி வெட்ட வந்த தபால்காரர் கூரைக்கு மேல் தெரிந்த கிளைகளைப் பார்த்து, "உங்க வீட்டு மரமே பரட்டைத் தலையா நிக்குதே, உங்களை நம்பி என் தலையைத் தரலாமா அண்ணே?" என்று சீண்டினார். சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பனி இறங்கியதும் மரம் முழுக்கப் பூத்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. தத்துப்பூச்சி வந்து சாற்றை உறிஞ்ச, இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்தது, பூ பொலபொலவென்று உதிர்ந்தது. தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பனி முடியும் நேரம். மரம் வெட்டுபவர் ரம்பத்தோடு வந்து நின்றார்.

"எந்த மரம்மா?"

"எந்த மரமும் இல்ல" என்றார் மனைவி. கருகிய பூங்கொத்துகளுக்கு நடுவே பட்டாணி அளவில் நாலைந்து பிஞ்சுகளைக் காட்டினார். "வாயும் வயிறுமா நிக்கிறதை வெட்ட வந்துட்டீங்களா?"

"நீங்கதானேம்மா வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

மரம் வெட்டுபவர் ஒன்றும் புரியாமல், காதை மூடிய தலைமுடியைச் சொறிந்தபடி திரும்பினார். சலூன்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்ததுக்குச் சும்மா போகாதீங்க அண்ணே. உள்ள வந்து உட்காருங்க, வெட்டி விடுறேன். நீங்க காசே தர வேணாம்."