ஆலிஸ்டரின் கட்டைவிரல்

நியூசிலாந்தின் டனீடினில் பல்லுக்குக் கேப் செய்யும் பட்டறைகளில் ஆலிஸ்டரின் கட்டைவிரலைத் தெரியாதவர் கிடையாது. பீங்கான் கேப்பை மூன்று ரப்பர் சக்கரங்களில் தேய்த்து, வைரப்பசையில் மெருகேற்றி, கடைசியில் அதன்மேல் கட்டைவிரலை ஓட்டுவார். அவர் "போகலாம்" என்றால் போகலாம். மற்றவர்கள் பென்சிலால் கிறுக்கித் துடைத்துப் பார்ப்பார்கள். சொரசொரப்பு இருந்தால் கரி அங்கேயே தங்கிவிடும். அதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்பார் ஆலிஸ்டர்.

முப்பத்திரண்டு வருடம் அதிரும் மெஷினைப் பிடித்த கை. நாலைந்து குளிர்காலமாக விரல்நுனிகள் வெளுத்து மரத்துப்போயின. உணர்ச்சி இனித் திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அந்த விரல் போனால் தனக்கென்று ஒன்றுமே மிஞ்சாது என்று பயம். பயந்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பென்சிலைக் கையில் எடுத்தால் என்ன கௌரவம் குறைந்துவிடும்?

ஜூலையில் ஒரு கேப் திரும்பி வந்தது. பக்கத்து மேசை டேமா அதை அவர்முன் வைத்தாள். சமோவாக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

"தலைவரே, உங்க கைவேலை. உப்புத்தாள் மாதிரி இருக்குதாம், டாக்டரம்மா திருப்பி அனுப்பிட்டாங்க."

"அந்தம்மாவுக்கு ரோஜாப்பூவே உப்புத்தாள்தான்."

"நானும் பென்சில் போட்டுப் பாத்துட்டேன். கறுப்பா நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "விரலு இப்படி எத்தன நாளா வெளுத்துக் கெடக்கு?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. மனைவி ரோனாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் போட்ட கேப். ஒட்டுவதற்கு முன் கடித்துப் பார்த்தபோது இடித்ததால் பல் டாக்டர் அதைச் சற்றே தேய்த்துவிட்டார். தேய்த்த இடத்தை மெருகிட்டவர் ஆலிஸ்டர். சொரசொரத்த பீங்கான் எதிர்ப்பல்லை அரம்போல அராவிவிடும். பட்டறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது.

ரோனா ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்து இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

"வாயத் திற."

"என்ன கிழவா, பட்டறைல பாத்த பல்லெல்லாம் பத்தலியா?"

"திற, ரோனா."

வலப்பக்கம் மேலே அவர் மெருகிட்ட கேப். அதற்கு நேர் கீழே இருந்த கடைவாய்ப்பல் தேய்ந்து பாதிதான் மிச்சம்.

"எப்பலேர்ந்து வலிக்குது?"

"போன வருஷத்துலேர்ந்து. செவ்வாக்கிழம பிடுங்குறாங்க. வேற வழியில்லையாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான தடவிப் பாத்துட்டு கண்ணாடி மாதிரி இருக்குன்ன? உன் விரலையே தப்புன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

மேசையில் அவள் குறுக்கெழுத்துப் போடும் பென்சில் கிடந்தது. அதை எடுத்துக் கேப்பின்மேல் கிறுக்கி, பஞ்சால் துடைத்தார். கரி போகவில்லை. அழுத்தித் துடைத்தார். கோடு கோடாக அப்படியே நின்றது.

கடைசி நப்பாசையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். அது அப்போதும் வழவழவென்றுதான் இருந்தது.